கடிகாரத்திற்கும் சுழிப்பிழை உண்டு

காலத்தின் அருமையைப் பற்றி ஒரு கட்டுரையேனும் இடம்பெறாத கல்லூரி மலரைக் காண்பது அரிது. மாணவனாக இருந்தபோது நானும் அப்படி ஒன்று எழுதியவன்தான். இம்முறை நான் எழுத விரும்புவது காலத்தின் அருமை பற்றியன்று; காலத்தை அளக்கும் கருவியில் நேரும் ஒரு சிறு கோளாறு பற்றி. நிமிட முள் தான் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் சற்றே தள்ளி நிற்பதுதான் அக்கோளாறு.

"இதெல்லாம் ஒரு செய்தியா?" என்று மாணவ நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. அந்தச் சிறு கோளாற்றால் ஒரு மாணவர் இழந்தது சிறிதன்று. அந்த இழப்புக்குக் காரணம் கடிகாரம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் காரணம் நான்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் அதன் சுழிப்பிழையைப் பார்க்கிறோம். வெர்னியர் அளவிக்கும் அவ்வாறே பார்க்கிறோம். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி, கூட்டியோ கழித்தோ திருத்தம் செய்கிறோம். கடிகாரத்திற்கு மட்டும் அப்படிச் செய்வதில்லை. கடிகாரம் என்றால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது நம்முடைய நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறு. கடிகாரத்திற்கும் சுழிப்பிழை உண்டு. அதையும் பார்த்து, எழுதி, திருத்திய பிறகே அளவு சொல்ல வேண்டும். இக்கருத்து ஏதோ நூலைப் படித்து வந்ததன்று, பட்டுத் தெரிந்துகொண்டது.

1994-ஆம் ஆண்டு நான் கடலூரில் இளம் விரிவுரையாளன். கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமன் ஓய்வு பெற்றபோது தம் கைக்கடிகாரத்தை எனக்குக் கொடுத்தார். அது சாவி கொடுத்து ஓடும் சுவிஸ் கடிகாரம். குரோனோகிராஃப் என்னும் வகை. வழக்கமான மணி, நிமிட முட்களோடு நடுவில் நீண்டதொரு விநாடி முள். டயலுக்குள்ளேயே இரண்டு சிறிய டயல்கள். பக்கவாட்டில் இரண்டு பட்டன்கள். மேல் பட்டனை அழுத்தினால் நீண்ட முள் ஓடத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பட்டனை அழுத்தினால் 'சட்'டென்று 60-க்குத் திரும்பிவிடும். அந்த முள் ஒருமுறை சுற்றி வந்ததும் வலப்பக்கச் சிறு டயலில் உள்ள குட்டி முள் ஒரு கோடு தாவும். அதுதான் ஓடிய நிமிடங்களைக் கணக்கு வைக்கும் முள். 30 கோடுகள், எனவே 30 நிமிடம் வரை கணக்குப் பார்க்கலாம்.

குரோனோகிராஃப் என்னும் சொல்லுக்குக் காலத்தை எழுதுவது என்று பொருள். 1821-இல் பாரிசில் நடந்த குதிரைப் பந்தயத்தில் ரியூசெக் என்ற கடிகாரக் கலைஞர் பயன்படுத்திய கருவி, சுழலும் டயலின்மேல் மைப்புள்ளி வைத்து உண்மையாகவே காலத்தை எழுதியது. மை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஆனால் எழுதும் வேலை போகவில்லை. இப்போது எழுதுவது கடிகாரம் அன்று, அதைப் பார்க்கிறவன். பிழை நுழையும் வாயிலும் அதுவே.

அவ்வாண்டு கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு 5000 மீட்டர் ஓட்டத்தில் நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு தேர்வு கடலூரில்; மறுநாள் மற்றொன்று சிதம்பரத்தில். இரண்டு இடங்களிலும் ஓடியவர்களின் நேரத்தை ஒப்பிட்டு முதல் நால்வரை எடுப்பதாக ஏற்பாடு. கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த எங்கள் மாணவர் ஒருவர் நல்ல ஓட்டக்காரர். அன்று காலை அவருக்குச் செய்முறைத் தேர்வு இருந்தமையால் மற்றவர்களோடு ஓட முடியவில்லை. மாலையில் தனியாக ஓடலாம் என்று உடற்கல்வி இயக்குநர் அனுமதி கொடுத்தார். மறுநாள் ஏற்பாடுகளுக்காக அவர் சிதம்பரத்துக்குப் புறப்பட வேண்டியிருந்ததால், "உங்ககிட்ட நல்ல வாட்ச் இருக்கே சார், நீங்களே டைம் எடுத்துக் குடுத்துடுங்க" என்று என்னிடம் ஒப்படைத்துச் சென்றார்.

கடல்காற்று எதிரே வீச, அந்த மாணவர் பன்னிரண்டரைச் சுற்றும் தனியாக ஓடினார். போட்டிக்கு ஆள் இல்லாமல் ஓடுவது எவ்வளவு கடினம் என்பதை ஓடியவர்களே அறிவர். அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் கோட்டருகே நின்று, தம் எச்.எம்.டி. கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு சுற்றுக்கும் விநாடி சொல்லிக் கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்தது. பட்டனை அழுத்தினேன். நீண்ட முள் 52-இல் நின்றது. குட்டி முள்ளைப் பார்த்தேன். அது 16-க்கும் 17-க்கும் இடையே, 17-ஐ ஒட்டி நின்றது.

என் கடிகாரத்தில் அந்த முள் மெல்ல நகர்வதன்று; கோட்டுக்குக் கோடு தாவுவது. எனவே எந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கிறதோ அதையே எடுக்க வேண்டும் என்று நான் அறிந்திருந்தேன். அருகில் இருந்தது 17. '17 நிமிடம் 52 விநாடி' என்று எழுதினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மாணவர் வந்து தாளைப் பார்த்தார். "சார், பதினாறு சொச்சம்னுதான் சார் எனக்குத் தோணுச்சு" என்றார். தோழரும், "சுத்துக்கு எண்பது, எண்பத்தொண்ணுதான் சார் வந்துச்சு" என்றார். நான் சொன்ன மறுமொழி இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "தம்பி, உங்க வாட்ச் மணி பாக்குற வாட்ச். இது ஓட்டத்துக்குன்னே செஞ்ச வாட்ச். இது பொய் சொல்லாது."

ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருந்தால் போதும். 17 நிமிடம் 52 விநாடி என்பது 1072 விநாடி. அதைப் பன்னிரண்டரையால் வகுத்தால் சுற்றுக்கு 86 விநாடிக்குச் சற்றுக் குறைவு. 16 நிமிடம் 52 விநாடியை வகுத்தால் 81. தோழர் சொன்ன எண் எதனோடு ஒத்துப்போகிறது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இயற்பியல் முதுகலைப் பட்டம் பெற்றவன் அந்தக் கணக்கைப் போடவில்லை. சிதம்பரத்தில் தேர்வான நான்காம் ஆளின் நேரம் 17 நிமிடம் 20 விநாடி. எங்கள் மாணவர் பட்டியலில் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிகாரத்திற்கு எண்ணெய் போட வேண்டிச் சிதம்பரம் சென்றேன். அங்கே மேலவீதிப் பக்கம் ஒரு சிறிய கடை. கடை என்பதைவிடக் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் முக்காலி ஒன்றும் என்பதே பொருந்தும். பெரியவர் ஒருவர் கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு, பின்மூடியைத் திறப்பதற்கு முன்பே பட்டன்களை அழுத்திப் பார்த்தார். ஓடவிட்டார், நிறுத்தினார், திரும்பவிட்டார். மறுபடியும் அப்படியே. பத்து முறையாவது செய்திருப்பார்.

"என்ன பாய் பாக்குறீங்க?" என்றேன்.

"பெரிய முள்ளு வீட்டுக்கு வந்துடுது சார். சின்ன முள்ளு வாசலத் தாண்டி நிக்குது. நீங்க பாக்கலையா?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். நீண்ட முள் 60-இல் அச்சாக நிற்கிறது. குட்டி முள் சுழியில் இல்லை. சுழியைத் தாண்டி முக்கால் கோடு தள்ளி நிற்கிறது. நீண்ட முள் திரும்பும் அழகையே பார்த்துப் பழகிய நான், குட்டி முள் எங்கே திரும்புகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. முக்கால் கோடு முன்னால் தொடங்கிய முள், 16 நிமிடம் ஆனபின் எங்கே நிற்கும்? பதினாறே முக்காலில், அதாவது 17-க்கு அருகில். பெரியவர் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை.

சற்றுத் தேறியபின், "முள்ள லேசாத் தள்ளி விட்டுட்டாப் போதாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தள்ளலாம் சார். கண்ணுக்குச் சரியாத் தெரியும். ஆனா உள்ளே இறுக்கம் போயிடும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல நிக்கும். இப்ப இருக்கறது ஒரே பொய். அப்ப ஆயிரம் பொய்." பின்மூடியைத் திறந்து உள்ளே காட்டினார்.

அன்று அவர் காட்டியதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நீண்ட முள்ளின் அச்சிலும் குட்டி முள்ளின் அச்சிலும் இதய வடிவில் ஒவ்வொரு தகடு இருக்கிறது. கீழ்ப் பட்டனை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் வந்து இரண்டு தகடுகளின் விளிம்பையும் அடிக்கும். இதய வடிவத்தின் சிறப்பு என்னவெனில், முள் எந்த நிலையில் இருந்தாலும், அடிபட்ட தகடு சரிந்து உருண்டு தன் பள்ளமான பகுதி சுத்தியலில் பொருந்தும்வரை சுழலும். அந்நிலைதான் சுழி. பட்டனை அழுத்தியதும் முள் 'சட்'டென்று தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் இந்த வித்தைக்கு 1844-இல் அடால்ஃப் நிக்கோல் என்பவர் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் இயந்திரக் குரோனோகிராஃப்களில் இருப்பது இதே இதயம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுத்தியல் சுழிக்குக் கொண்டுவருவது தகட்டையே அன்றி முள்ளை அன்று. முள் அச்சின் மேல் வெறும் இறுக்கத்தால் நிற்பது. முன்பு எப்போதோ முள்ளைக் கழற்றி மாட்டிய ஒருவர் முக்கால் கோடு தள்ளி மாட்டியிருக்கிறார். தகடு நாள்தோறும் ஒழுங்காகச் சுழிக்குத் திரும்புகிறது. முள் நாள்தோறும் ஒழுங்காக முக்கால் கோடு தள்ளி நிற்கிறது. பெரியவர் டயலின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து முள்ளை நெம்பி எடுத்தார். கீழ்ப் பட்டனை அழுத்தி, தகடு சுழியில் நிற்பதை உறுதி செய்துகொண்டு, முள்ளைச் சரியாகச் சுழிக்கு நேரே வைத்து அழுத்தினார். மறுபடி பத்து முறை சோதித்தார். பத்து முறையும் வாசலில் நின்றது.

அந்தப் பத்து முறைச் சோதனையைத்தான் நான் இன்றுவரை வகுப்பில் சொல்லி வருகிறேன். பாடநூல் 'முறையான பிழை' என்றும் 'ஒழுங்கற்ற பிழை' என்றும் இரண்டு பகுக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்து விடுகிறார்கள். பெரியவர் பாடநூல் படித்தவர் அல்லர். ஆனால் அந்தப் பகுப்பு அவர் விரல் நுனியில் இருந்தது. பத்து முறையும் முள் ஒரே இடத்தில் தள்ளி நின்றால், அது முறையான பிழை. காரணம், முள் மாட்டிய இடம். அளவு தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நின்றால், அது ஒழுங்கற்ற பிழை. முள் தளர்ந்திருக்கலாம்; தகடு அச்சில் தளர்ந்திருக்கலாம்; எண்ணெய் இறுகிச் சுத்தியல் முழுதாக வந்து படியாமல் இருக்கலாம். அத்தகைய கடிகாரத்தைக் கழித்தும் கூட்டியும் பயன்படுத்த இயலாது; பழுது பார்க்கத்தான் வேண்டும். மூன்றாவது வகையும் உண்டு. சுழிக்கு ஒழுங்காகத் திரும்பும். ஆனால் ஓடும்போது கோட்டுக்குக் கோடு தாவாமல் பாதியில் நிற்கும், அல்லது இரண்டு கோடு தாவும். அப்போது குற்றம் முள்ளில் இல்லை. நிமிடச் சக்கரத்தைத் தள்ளும் விரலிலோ, அதைப் பிடித்து நிறுத்தும் வில்லிலோ இருக்கிறது.

குரோனோகிராஃப் இல்லாதவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டா. மணி பார்க்கும் சாதாரணக் கடிகாரத்திலும் இதே நோய் உண்டு. விநாடி முள் 60-இல் இருக்கும்போது நிமிட முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது நாம் நேரம் வைத்ததன் குற்றம். விநாடி முள்ளைப் பாராமல் நிமிட முள்ளை வைத்திருப்போம். பல பழைய கடிகாரங்களில் சாவியை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. ஆதலால் விநாடி முள் 60-ஐத் தொடும் நொடியில் நிமிட முள்ளைக் கோட்டின் மேல் கொண்டுவந்து விட வேண்டும். பற்சக்கரங்களுக்கிடையே சிறு தொய்வு இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து கொண்டுவந்து நிறுத்துவது நல்லது. நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் திருப்பச் சொல்கிறோமே, அதே காரணம்தான்.

சரியாக வைத்த பிறகும் விலகினால், எப்படி விலகுகிறது என்று பார்க்க வேண்டும். 12-இல் கோட்டின் மேல் நின்று 6-இல் அரைக்கோடு தள்ளினால், டயல் மையத்தில் பொருந்தவில்லை. முள்ளைத் தொட வேண்டா. விநாடி முள் நாள் முழுதும் சரியாக ஓடி, நிமிட முள் மட்டும் பின்தங்கினால், நிமிட முள்ளைத் தாங்கும் குழாய்ப் பற்சக்கரம் தன் பிடியை இழந்துவிட்டது. சாவியைத் திருகும்போது அது வழக்கத்தைவிட எளிதாகச் சுழல்வதும் அதற்கு அடையாளம். கீழே விழுந்த பிறகு விலகியது என்றால் முள்ளே தளர்ந்திருக்கும். நோயின் அடையாளத்தைப் பாராமல் மருந்து கொடுப்பவர் மருத்துவர் அல்லர். முள் தள்ளி நிற்கிறது என்றவுடன் முள்ளை வளைப்பதும் அத்தகைய வேலைதான்.

இனி நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். தனி ஊசல் சோதனையை அறியாதார் இல்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் 50 முறை அலைய ஏறத்தாழ 100 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தின் நிமிட முள் தள்ளி நின்று, 1 நிமிடம் 40 விநாடியை 2 நிமிடம் 40 விநாடி என்று ஒரு மாணவர் படித்தால் புவியீர்ப்பு முடுக்கம் 3.86 அளவில் வரும். எந்த மாணவரும் அதை எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் வருவதில்லை. 9.8 என்னும் விடை அவருக்கு முன்பே தெரியும். எனவே கடிகாரம் என்ன காட்டினாலும், விடைக்கு ஏற்ற நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுகிறார். குறிப்பேடு அழகாக இருக்கும். மதிப்பெண்ணும் கிடைக்கும். கடிகாரத்தின் பிழை மட்டும் அப்படியே மேசை இழுப்பறைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு மாணவருக்காகக் காத்திருக்கும்.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. விடை தெரிந்த சோதனைகளிலேயே மூன்றாண்டு பழகிய மாணவர், பின்னாளில் விடை தெரியாத இடத்தில் போய் நிற்கிறார். மருந்துத் தொழிற்சாலையில், நிலநீர் ஆய்வில், ஓட்டப்பந்தயக் கோட்டருகில் நிற்கிறார். அங்கே 9.8 என்று யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரமாட்டார்கள். கருவி சொல்வதே விடை. கருவியைச் சோதிக்கக் கற்காதவர் அங்கே என்ன செய்வார்? நான் 1994-இல் செய்ததைத்தான் செய்வார்.

"இது மின்னணுக் காலம். கைப்பேசியிலேயே நூற்றில் ஒரு பங்கு விநாடி வரை பார்க்கலாம். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவையே 2016-இல் மூட முடிவு செய்துவிட்டார்கள். முள் உள்ள கடிகாரத்தைப் பற்றி இன்னும் பேசுவானேன்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கி, நம் தந்தையர் கைகளையெல்லாம் அலங்கரித்த அந்தக் கடிகாரங்கள் இன்று நினைவுப் பொருள்களாகிவிட்டன. எண்களில் காட்டும் கருவியில் முள் விலகுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருவியின் பட்டனை அழுத்துவதும் மனித விரல்தானே? கண் பார்த்து விரல் அசைவதற்குள் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதன்பிறகு திரையில் தெரியும் நூற்றில் ஒரு பங்கை நம்பி எழுதுவது, பொய்யை இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தமாக எழுதுவதாகும். முள் தள்ளி நின்றால் கண்ணுக்காவது தெரியும். எண் தள்ளி நின்றால் தெரியாது. ஆதலால் பழைய குரோனோகிராஃப் ஒன்றைப் பின்மூடி திறந்தபடி ஒவ்வோர் ஆய்வுக்கூடத்திலும் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்பேன். பிழை எங்கே பிறக்கிறது என்பதை மாணவர்கள் கண்ணால் காணட்டும்.

மற்றொரு கேள்வியும் எழலாம். முள் தள்ளி நிற்பதே பெருங்குற்றமா? அன்று. சொல்லாமல் தள்ளி நிற்பதுதான் குற்றம். நம் நாடே ஒரு வகையில் முள்ளைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் வாழ்கிறது. 1906 சனவரி முதல் நாளன்று இந்தியத் திட்ட நேரம் வழக்குக்கு வந்தது. அதற்குமுன் இரயில்வேயில் வழங்கியது சென்னை நேரம். அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. திட்ட நேரமோ ஐந்தரை மணி முந்தியது. கிழக்கு நெடுங்கோடு எண்பத்திரண்டரைப் பாகைக்கு உரியது. கடலூரும் சிதம்பரமும் அந்தக் கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டே முக்கால் பாகை தள்ளி இருப்பதால், நம்மூர்க் கணக்குப்படியான சராசரி நண்பகல் கடிகாரத்தில் 12 மணி 11 நிமிட அளவில் வருகிறது. பதினொரு நிமிடம் தள்ளி நிற்கும் முள்! ஆயினும் எந்த இரயிலும் இதனால் தவறவில்லை. காரணம், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது எழுதப்பட்டிருக்கிறது. எல்லோரும் அறிந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எழுதப்பட்ட விலகல் ஏற்பாடு. எழுதப்படாத விலகல் ஏமாற்று. முக்கால் கோடும் அப்படித்தான்.

எனவே நான் வேண்டுவது மூன்று. முதலாவது, செய்முறைக் குறிப்பேட்டில் திருகு அளவிக்கு ஒதுக்குவது போலக் கடிகாரத்திற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். கடிகாரத்தின் எண், பத்து முறை சுழிக்குத் திருப்பியபோது முட்கள் நின்ற இடம், அதற்கான திருத்தம் ஆகியவற்றை அங்கே எழுத வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. இரண்டாவது, படித்ததைப் படித்தபடி எழுதிய மாணவருக்கு, விடை 9.8 வராவிட்டாலும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. பிழையின் காரணத்தைக் கண்டறிந்தால் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். இது ஆசிரியர்களாகிய எங்களுக்கு. மூன்றாவது, விளையாட்டுத் திடலில் எவர் நேரத்தையும் ஒரே கடிகாரத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. கையால் நேரம் எடுக்கையில் ஒருவருக்கு மூன்று கடிகாரம் என்பது தடகள விதி. இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது நேரம். விதி செய்தவர்கள் கடிகாரத்தைக் கடவுளாகக் கருதவில்லை. அன்று எச்.எம்.டி.யோடு நின்ற தோழரை நான் இரண்டாம் கடிகாரமாக மதித்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். விலை மிகுந்த கடிகாரம் கையில் இருந்ததால், எளிய கடிகாரத்தின் சொல் என் காதில் ஏறவில்லை. அது கடிகாரத்தின் கோளாறன்று.

சிதம்பரத்திலிருந்து திரும்பிய மறுநாளே அந்த மாணவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அணி அதற்குள் போட்டிக்குச் சென்று திரும்பியும் விட்டது. என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அல்லது "பரவாயில்லை சார்" என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"அப்ப நான் ஓடுனது பதினாறு அம்பத்திரண்டுதானே சார்?"

"ஆமாம் தம்பி."

"அத எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன். '5000 மீட்டர். கடிகாரம் காட்டிய நேரம் 17 நிமிடம் 52 விநாடி. நிமிட முள்ளின் சுழிப்பிழை முக்கால் கோடு, முன்புறம். திருத்திய நேரம் 16 நிமிடம் 52 விநாடி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தத் தாளால் அவருக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. வேறு பயனும் விளையவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு கடிகாரத்தின் சுழிப்பிழையை நான் என் வாழ்நாளில் எழுதியது அதுவே முதல்முறை. மூன்று வாரம் முன்னதாக எழுதியிருக்க வேண்டியது.

நான் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே உள்ளன. மாமன் தந்த கடிகாரம் இன்றும் என் கையில் ஓடுகிறது. அதன் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும், நீண்ட முள்ளைப் பாராமல் முதலில் குட்டி முள்ளைப் பார்க்கப் பழகிவிட்டேன். மாணவச் செல்வங்களே, ஆய்வுக்கூடத்தில் உங்கள் கைக்கு வரும் கடிகாரத்தையும் அவ்வாறே பாருங்கள். ஓடவிட்டு, நிறுத்தி, பத்து முறை சுழிக்குத் திருப்புங்கள். முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், எங்கே நிற்கிறதோ அதையே எழுதுங்கள்.